பம்ப்கின் ஸ்பைஸ் காபிக்கடையில் பிறந்தது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பம்ப்கின் ஸ்பைஸ் என்னும் மசாலாப் பொடி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் காபி, கேக், ரொட்டி, மெழுகுவத்தி எல்லாவற்றிலும் இந்த வாசனை ஏறிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மைதான். ஆனால், இது 2003இல் ஒரு காபி நிறுவனம் கண்டுபிடித்த விற்பனைத் தந்திரம் என்றும், பூசணிக்காயைக் காயவைத்து அரைத்த பொடி என்றும் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நியூ ஜெர்சியில் ஒரு சின்ன பேக்கரியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அம்மா வீட்டுப் புரையிடத்தில் ஜாதிமரமும் கிராம்பு மரமும் உண்டு. ஆகவே இந்த மசாலாவில் சேருகிற சாமான்களை மரத்திலும் பார்த்திருக்கிறேன், ஓவனில் வேகும்போதும் பார்க்கிறேன்.

முதலில் பூசணி விஷயம். இந்தப் பொடியில் பூசணி கிடையாது. நம் மீன் மசாலாவில் மீனா இருக்கிறது? பூசணியில் செய்யும் பண்டத்துக்குப் போடுகிற பொடி, அவ்வளவுதான். பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, அதோடு ஆல்ஸ்பைஸ். சிலர் ஜாதிபத்திரியும் சேர்ப்பார்கள். ஆல்ஸ்பைஸ் என்பது பல மசாலா கலந்த கலவை என்று உங்கள் கட்டுரையில் இருந்தது. அப்படி இல்லை, அது ஒரே மரத்தின் காய். ஜமைக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் மரம். காய் பழுக்கும் முன்பே பறித்துக் காயவைத்தால் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பாக இருக்கும். கடித்தால் கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் சேர்ந்தாற்போல மணக்கும். நம் பக்கத்து நர்சரிகளில் சர்வசுகந்தி என்று கன்று விற்கிறார்களே, அதே மரம்தான். அங்கே இலையைப் பிரியாணிக்குப் போடுகிறோம். இங்கே காயைப் பொடிக்கிறார்கள்.

இனி வரலாறு. பம்ப்கின் என்னும் இந்தப் பூசணி அமெரிக்கக் கண்டத்துக் காய். மெக்சிகோவிலும் அதைச் சுற்றியும் பல ஆயிரம் ஆண்டுகளாக அங்குள்ள பூர்வகுடிகள் பயிரிட்டு வந்தது. ஐரோப்பியர் வந்த பிறகுதான் கடல் தாண்டிப் போனது. நம் பரங்கிக்காயும் அந்த வழியில் வந்ததுதான். ஆல்ஸ்பைஸ் தவிர மற்ற மசாலாவோ எதிர்த்திசையிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சமையல் குறிப்பொன்றில் பூசணியைத் துண்டுபோட்டு, பட்டை, ஜாதிக்காய், மிளகு, கிராம்பு ஆகியவற்றோடு தைம், ரோஸ்மேரி போன்ற தழைகளையும் சேர்த்து 'பை', அதாவது மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்து ஓவனில் சுடும் பண்டம், செய்யச் சொல்லியிருக்கிறது. இன்றைக்கு அந்தத் தழைகள் போய்விட்டன, மிளகும் போய்விட்டது. மற்ற மூன்றும் நிற்கின்றன.

1796இல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி 'அமெரிக்கன் குக்கரி' என்ற சமையல் நூலை வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் நூல் என்று அதைச் சொல்வார்கள். முகப்பில் தன்னை 'ஓர் அமெரிக்க அநாதை' என்று போட்டிருந்தார். அதில் பூசணிப் புட்டிங்குக்கு இரண்டு செய்முறைகள் இருக்கின்றன. முதலாவதில் க்ரீம், ஒன்பது முட்டை, சர்க்கரை, கூடவே ஜாதிபத்திரி, ஜாதிக்காய், இஞ்சி. இரண்டாவது கொஞ்சம் சிக்கனக்காரர்களுக்கு: பால், நான்கு முட்டை, மொலாசஸ் என்னும் கருப்புப் பாகு, ஆல்ஸ்பைஸ், இஞ்சி, ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். இன்றைக்கு இந்தப் பொடியில் பாதிக்கு மேல் இருக்கிற பட்டை இரண்டிலுமே இல்லை! எங்கள் பேக்கரி முதலாளியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அறுபது தாண்டியவர், பென்சில்வேனியா கிராமத்தில் வளர்ந்தவர். உள்ளே போய் அவருடைய அம்மா கைப்பட எழுதிய அட்டையை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அதில் பட்டை ஒரு கரண்டிதான், ஜாதிபத்திரிக்கு அடியில் கோடு இழுத்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படி வீட்டுக்கு வீடு வேறுபட்ட கலவை ஒரே டப்பாவுக்குள் வந்தது 1934இல். பால்டிமோரைச் சேர்ந்த மெக்கார்மிக் என்ற மசாலா நிறுவனம் அந்த ஆண்டு 'பம்ப்கின் பை ஸ்பைஸ்' என்று கலந்து விற்கத் தொடங்கியது. யோசித்தால் காரணம் புரியும். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு ஒரு பை செய்யக் கால் தேக்கரண்டி கிராம்புப் பொடி போதும். அதற்காக நான்கைந்து டப்பா வாங்கி, மீதியை அலமாரியில் வைத்து மணம் போக விடுவதைவிட ஒரே டப்பா சௌகரியம்தானே! பூசணியும் ஏற்கெனவே டின்னில் வர ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு அந்த டின் பூசணியின் பெரும்பங்கு இல்லினாய் மாநிலத்தில் மார்ட்டன் என்ற ஊரைச் சுற்றித்தான் பதமாகி அடைபடுகிறது. ஹாலோவீன் பண்டிகைக்குக் கண்ணும் வாயும் வெட்டி வாசலில் வைக்கிறார்களே, அந்த ஆரஞ்சு நிறக் காயை யாரும் பைக்குப் போட மாட்டார்கள். நாரும் தண்ணீருமாக இருக்கும். டின்னுக்குப் போவது வெளிர்பழுப்புத் தோல் உள்ள டிக்கின்சன் என்ற ரகம். அதுவும் நம் ஊர்ச் சந்தையில் கீற்றுப் போட்டு விற்கிற பரங்கியும் தாவரவியலில் ஒரே இனம்.

ஆக, 1934க்கும் 2003க்கும் நடுவில் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள். ஸ்டார்பக்ஸ் 2003இல் வான்கூவரிலும் வாஷிங்டன் நகரிலும் நூறு கடைகளில் பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டேயைப் போட்டுப் பார்த்தது. அடுத்த ஆண்டு நாடெங்கும் கொண்டுபோனது. அந்தக் காபியிலும் 2015 வரை பூசணி கிடையாது, பிறகுதான் சேர்த்தார்கள். அந்த நிறுவனம் செய்தது என்ன? வீட்டு அடுப்பில் ஏற்கெனவே இருந்த வாசனையைக் காபிக் கோப்பைக்கு எடுத்துவந்தது. அது சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதுதான் தொடக்கம் என்று எழுதுவது, அந்த எண்ணெய்க் கறை படிந்த அட்டைகளை எழுதிய அத்தனை பெண்களையும் கணக்கிலிருந்து விட்டுவிடுவதாகும். மெழுகுவத்தியிலும் நாய் பிஸ்கட்டிலும் இந்தப் பெயரை ஒட்டி விற்பது எனக்கும் பிடிக்காது. அதைக் காட்டி இந்த மசாலாவையே கேலி செய்வது நியாயமில்லை.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாமல் போன இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். இந்த ஜாதிக்காய்க்காகச் சிந்திய ரத்தம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு காலத்தில் உலகத்துக்கு வேண்டிய ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் மட்டும்தான் விளைந்தன. 1621இல் டச்சுக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சோன் கூன் படையோடு இறங்கினான். தீவுகளில் இருந்த சுமார் 15,000 பேரில், கொன்றும் பட்டினி போட்டும் நாடு கடத்தியும் மிஞ்சியது ஆயிரம் பேர் அளவில்தான். அப்புறம் அடிமைகளைக் கொண்டுவந்து தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். பக்கத்தில் ரூன் என்று ஒரு குட்டித் தீவு. அது ஆங்கிலேயர் உரிமை கொண்டாடிய இடம். 1667இல் பிரெடா உடன்படிக்கையில் ரூன் டச்சுக்காரர்களுக்கு என்றும், அமெரிக்காவில் அவர்கள் இழந்திருந்த மன்ஹாட்டனும் அதைச் சுற்றிய நிலமும் ஆங்கிலேயர்களுக்கு என்றும் முடிவானது. அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் நான் இப்போது குடியிருக்கிற நியூ ஜெர்சியும் இருந்தது. ஜாதிமரங்கள் நிற்கும் ஒரு தீவு மன்ஹாட்டனுக்கு ஈடாக எண்ணப்பட்ட காலம் அது.

நெப்போலியன் காலத்துப் போர்களில் ஆங்கிலேயர் பாண்டாவைப் பிடித்தபோது ஜாதிக் கன்றுகளையும் விதைகளையும் பினாங்குக்கும் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கரீபியனில் உள்ள கிரெனடாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்டுக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அடித்து அந்தத் தீவின் ஜாதிமரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டது. ஜாதிமரம் காய்க்க ஆறேழு வருஷமாவது ஆகும். இழப்பு எப்படிப்பட்டது என்று மரம் வளர்த்தவர்களுக்குத் தெரியும். ஆல்ஸ்பைஸுக்கும் சிம்மன்ஸ் அம்மையாரின் மொலாசஸுக்கும் பின்னால் கரீபியன் தீவுகளின் அடிமை உழைப்பு இருக்கிறது. ஒரு பண்டத்தின் கதை என்று எழுத வந்தால் இவையும் வர வேண்டாமா?

நம் பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. கிராம்பு மரம் இந்தியாவுக்கு வந்ததே 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட வாசனைப் பயிர்த் தோட்டத்தின் வழியாகத்தான். அங்கிருந்து குமரி மலைகளுக்கும் பரவியது. கன்னியாகுமரி கிராம்பு 2021இல் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. எங்கள் வீட்டு மரம் அந்த மலைத்தோட்டங்களுக்கு முன் ஒன்றுமில்லைதான். இருந்தாலும் மொட்டு விரியும் முன், இளஞ்சிவப்பு ஏறும் பதத்தில் பறித்து, உள்ளங்கையில் உருட்டிக் காம்பைக் கழித்து, பாயில் பரப்பிக் காயவைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நாலைந்து வெயிலில் அந்தச் சிவப்பு பழுப்பாக மாறும். ஜாதிக்காய் வெடித்துக் கீழே விழுந்தால் பாட்டி பொறுக்கி வந்து, கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவப்புப் பத்திரியைக் கிழியாமல் உரித்து முறத்தில் காயவைப்பார். வெளித்தோடு ஊறுகாய்க்குப் போகும். எதுவும் வீணாகாது.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கட்டுரை இணையத்தில் டப்பா வாங்கச் சொல்லியிருந்தது. தயவுசெய்து அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம். ஆல்ஸ்பைஸ் தவிர மற்ற எல்லாமே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அமெரிக்க வீடுகளில் பரவலாக உள்ள அளவு இது: பட்டைப் பொடி 3 மேசைக்கரண்டி, சுக்குப் பொடி 2 தேக்கரண்டி, ஜாதிக்காய்ப் பொடி 2 தேக்கரண்டி, ஆல்ஸ்பைஸ் ஒன்றரைத் தேக்கரண்டி, கிராம்பு ஒன்றரைத் தேக்கரண்டி. நான் கிராம்பை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் மற்ற எல்லா வாசனையையும் அது அமுக்கிவிடும். ஆல்ஸ்பைஸ் கிடைக்கவில்லை என்றால் பட்டையும் ஜாதிக்காயும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

அரைப்பதில்தான் பக்குவம் இருக்கிறது. சுக்கை முதலில் தட்டி நாரை எடுத்துவிட்டுத்தான் மிக்ஸியில் போட வேண்டும். பட்டையைத் தனியாக அரைத்து மெல்லிய துணியில் சலிக்க வேண்டும், இல்லையென்றால் பையில் மணல் கடிபடுகிற மாதிரி இருக்கும். கிராம்பை நல்ல மிக்ஸி ஜாரில் அரைக்காதீர்கள். அதன் எண்ணெய் பட்டுப் பட்டுப் பிளாஸ்டிக் மூடி மங்கிவிடும். சிறிய கல்லுரல் இருந்தால் அதில் இடிப்பது நல்லது. ஜாதிக்காயின் மெல்லிய ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பைத் துருவியில் துருவுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்பு நரம்புகள் பின்னிக்கிடந்தால், விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டினால் அது நல்ல காய். இதை மட்டும் பொடித்து வைக்காமல், சமைக்கும்போது துருவிப் போட்டால் மணமே வேறு.

பட்டையைப் பொடியாக வாங்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2023இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ்ப் பாக்கெட்டுகளில் சேர்த்த பட்டைப் பொடியில் ஈயமும் குரோமியமும் இருந்தது தெரியவந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியதாகப் பதிவானது. 2024 மார்ச்சில் கடைகளில் விற்கும் சில பட்டைப் பொடிகளைப் பற்றியும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. அதிலிருந்து எங்கள் பேக்கரியில் முழுப் பட்டைதான் வாங்குகிறோம். அமெரிக்காவில் விற்பது பெரும்பாலும் இந்தோனேசியா, வியட்நாம் பக்கத்து காசியாப் பட்டை. தடித்து, ஒற்றைச் சுருளாக இருக்கும், காரம் தூக்கலாக இருக்கும். இலங்கைப் பட்டை தாள் தாளாகச் சுருண்டிருக்கும், கையாலேயே நொறுங்கும். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், கூடினால் கல்லீரலுக்கு ஆகாது. வருஷத்தில் நாலு நாள் பை சாப்பிடுகிறவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டாம். தினமும் காபியில் போட்டுக் குடிக்கிறவர்கள் இலங்கைப் பட்டைக்கு மாறிவிடுவது நல்லது. ஜாதிக்காயையும் ருசிக்குப் போடலாமே தவிர, கரண்டி கரண்டியாகப் போடக் கூடாது.

சரி, பொடி வந்துவிட்டது, எதற்குப் போடுவது? பைக்கு, 425 கிராம் டின் பூசணிக்கு இரண்டு தேக்கரண்டி. பூசணி விழுதை வெறும் வாணலியில் ஈரம் சுண்டும் வரை கிளறி, அந்தச் சூட்டிலேயே பொடியைச் சேர்த்துவிட்டால் பச்சை வாசனை போய்விடும். பிறகு பாலும் முட்டையும் கலக்கலாம். இங்கே சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுடும்போதும், ஓட்ஸ் கஞ்சியிலும், ஆப்பிளை வெண்ணெயில் வதக்கும்போதும் தூவுவார்கள். என் வீட்டில் பரங்கி அல்வாவுக்கு ஏலக்காய்க்குப் பதில் அரைத் தேக்கரண்டி இதைத்தான் போடுகிறேன். நெய்யோடு நன்றாகவே சேருகிறது. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள் பேக்கரியில் விடியற்காலையிலிருந்தே வரிசை நிற்கும். பைகளை எல்லாம் எடுத்துக்கொண்டுபோன பிறகு மிஞ்சும் பூசணி விழுதை முதலாளியம்மா எனக்குக் கொடுத்துவிடுவார். அதில்தான் அந்த அல்வா. அவருக்கும் ஒரு டப்பா போகும்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். வரும் ஞாயிறு இணைப்பில் 2003 என்ற தகவலுக்கும், பூசணிப் பொடி என்றதற்கும் ஒரு திருத்தம் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைக் கத்தரித்து ஒட்டி வைப்பார்கள். இன்னொன்று, அடுத்த முறை எங்கள் குமரி மாவட்டத்து மாறாமலைப் பக்கம் கிராம்பு பறிப்பு நடக்கும்போது நிருபர் ஒருவரை அனுப்புங்கள். உயரமான மரத்தில் ஏறி ஒவ்வொரு கொத்தாகப் பறிக்கிறவர்களுக்கு என்ன கூலி, காய்ந்த கிராம்பு கிலோ என்ன விலைக்குப் போகிறது, வியாபாரி கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டு எழுதுங்கள். காபியின் விலையை எழுதிய இடத்தில் இதற்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
நியூ ஜெர்சி